வரி கேட்காத வாசல்

தேநீரோடு வைத்த எலுமிச்சைத் துண்டை விரலால் நசுக்கியதும் நீ வந்துவிட்டாய். மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் மதிய இடைவேளை. கண்ணாடிக்கு அப்பால் கடல் வெயிலில் உருகிக் கிடந்தது. நான் விழித்திருந்தேனா என்றே தெரியவில்லை.

உள்ளே பல நாட்டுக்காரர்கள். புயலையும் பேரலையையும் முன்கூட்டிச் சொல்லும் கூட்டமைப்பின் பொதுச் செலவுக்கு எந்த நாடு எவ்வளவு தருவது என்று காலையிலிருந்து பேச்சு. ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு முழு விலக்கு தந்துவிடலாம் என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் பணம் தராத நாட்டுக்கு வாக்கு கிடையாது. எச்சரிக்கை மிதவையை எந்தக் கடலில் போடுவது என்று மற்றவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அந்த நாட்டுப் பெண் தன் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் குப்பத்தில் ஆடித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்களே, அது நினைவுக்கு வந்தது. வரி தந்த வாசலில் எல்லாம் கங்கையம்மன் நிற்பாள், எலுமிச்சம்பழம் கிடைக்கும். உன் அப்பா கடலோடு போன வருஷம், பாவம் என்று உங்கள் வீட்டில் வரி கேட்கவில்லை. அம்மனும் நிற்காமல் போய்விட்டாள். உன் அம்மா கோலம் போட்டுக் காத்திருந்த வாசல் அது.

அடுத்த ஆடியில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊர்வலத்தின் குறுக்கே நின்றாய். சரியான சண்டைக்காரி.

"எங்க வூட்டு வரிய வாங்கிகினு அப்பறம் போங்க."

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா வரி? வுடு," என்றார் ஊர்த் தலைவர்.

"முடிஞ்சத குடுக்குறோம். பாவம்னு வுட்டீங்கன்னா நாங்க இந்த ஊர்லயே இல்லாத பூடுவோம்."

மேளம் நின்றது. உன் கையிலிருந்த சில்லறையை அவர் வாங்கிக்கொண்டார். சுருண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து நின்றாள். அம்மன் உங்கள் வாசலில் நின்று கிடைத்த எலுமிச்சம்பழத்தை நீ நறுக்கவே விடவில்லை. மாறி மாறி முகர்ந்துகொண்டே திரிந்தோம்.

போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய். என்னோடு சண்டை போட இப்போது ஆளே இல்லையடி. மனசு ரொம்பத் தேடுகிறது.

இடைவேளை முடிந்து, நம் நாட்டின் சார்பில் பேச என் முறை வந்தது. "வசதிக்கு ஏற்றபடி, எவ்வளவு சின்னத் தொகையானாலும், எல்லோரும் தரட்டும். எல்லோருக்கும் ஒரே வாக்கு," என்றேன். குரலில் உன் முரட்டுத்தனம் இருந்தது. நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். சாயங்காலம் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு மிதவை எங்கே என்று வாக்கெடுப்பு. கூட்டத் தலைவர் அந்தத் தீவின் பெயரைக் கூப்பிட்டார். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே கை தூக்கியிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றாள், உன் அம்மாவைப் போல.

இதை ஓடி வந்து சொல்ல நீ இல்லையேடி. விரலில் எலுமிச்சை வாசம் இன்னும் இருக்கிறது. கை கழுவவில்லை.