பீப்பாயின் மேல் எழுதிய பெயர்

கோலோவாய், தோங்கா
வியாழக்கிழமை

என் கணவர் மனாசே அவர்களுக்கு லேசியேலி எழுதுவது.

நீங்கள் சுகம் என்று, உங்களோடு போனில் பேசிய பக்கத்து வீட்டு ஃபிலிமோனேயின் மனைவி சொன்னாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். மரவள்ளி நன்றாக இறங்கியிருக்கிறது. கூரையில் நீங்கள் அடித்துவிட்டுப் போன தகரம் காற்றுக்கு மறுபடி தட்டுகிறது.

ஃபிலிமோனே சனிக்கிழமை விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு, நீங்கள் இருக்கும் அதே திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறான். அவன் பையில் இதைப் போட்டு அனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் கோபமாக ஆரம்பித்தால் நீங்கள் ஏதாவது கோமாளிப் பேச்சுப் பேசிச் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். சிரித்த பிறகு கோபத்தை எங்கே வைத்தேன் என்று நான் வீடெல்லாம் தேட வேண்டியிருக்கிறது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

ஜூன் மாதம் நான் உங்களிடம் கேட்டது மூன்றே சாமான். கம்ப்யூட்டருக்கு மெமரி, வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று, சூடு இறக்க நல்ல ஃபேன் ஒன்று. மூன்றும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். நம் பழைய கம்ப்யூட்டர் பெட்டி சபை அலுவலகத்தில் ஆகாது என்று வெளியே வைத்ததுதான். எரிமலைச் சாம்பல் விழுந்த வருஷம் நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் துடைத்து அதை எழுப்பினேன். இந்த ஊர்க் கல்யாணமும் சாவும் வீடியோவாக அதில்தான் வெட்டி ஒட்டப்பட்டு, வர முடியாத உறவுகளுக்குக் கடல் தாண்டிப் போகின்றன. ஒழுங்கு பண்ணினால் இன்னும் சில வருஷம் உழைக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கேட்டேன். அதன் மதர்போர்டில் எந்த மெமரி உட்காரும் என்பதைக்கூட எழுதி அனுப்பினேன்.

அதற்கு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஏ லேசி, பழைய துணியில கோடித் துண்டு வச்சு ஒட்டுப் போடாதேன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. புதுசாவே கட்டிப்புடலாம், விடு." அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. ஆண்டவர் தையல் தெரிந்த ஜனங்களிடம் பேசினார். நீங்கள் என்றைக்காவது ஊசியில் நூல் கோத்ததுண்டா? உங்கள் தோட்டத்துக் கால்சட்டைகள் முழங்காலில் என் ஒட்டோடுதான் விமானம் ஏறின. முதலில் துவைத்துச் சுருங்கவிட்ட துண்டை வைத்துத் தைத்தால் எந்தப் பழைய துணியும் கிழியாது. அந்த போர்டுக்கு ஏற்ற மெமரி என்று நான் கேட்டதன் அர்த்தம் அதுதான்.

நீங்கள் சாமான் போட்டுக் கப்பலில் அனுப்பிய பீப்பாய் வந்தது. துறைமுகத்திலிருந்து நேராக உங்கள் அக்கா வீட்டுக்குப் போனது. ஏனென்றால் மூடியைச் சுற்றிக் கறுப்பு மையில், உங்கள் கோணல் எழுத்தில், ஃபூசிபாலா என்று அவர் பெயரை எழுதியிருந்தீர்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். சோப்பு, படுக்கை விரிப்பு, டின் கறி எல்லாவற்றுக்கும் அடியில் நீங்கள் அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாக அட்டைப் பெட்டிகளில் இருந்தது. பக்கத்தில் கண்ணாடி வைத்த கேபினட், உள்ளே கலர் விளக்கு எரியும் ஃபேன்கள். அக்கா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அடேயப்பா, என் தம்பி திருவிழாவையே மடிச்சு அனுப்பியிருக்கானே! ஏம்மா லேசி, இது நம்ம ஹால்ல நல்லா இருக்கும்ல?"

"நல்லா இருக்கும் அண்ணி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தம்பி வீட்டுப் பொருளை அக்கா நல்லா இருக்கிறது என்றால் அது அக்காவுடையது. வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் வளர்த்த பன்றியை நான் இரண்டு தரம் பார்த்தேன், அவர் மனைவி பேசாமல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் கவனிக்கவில்லை. இப்போது தெரிகிறது, எப்படி இருந்திருக்கும் என்று.

என் கோபம் அவர் மேல் இல்லை, உங்கள் மேல். உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியாதா? பழைய பெட்டியே போதும் என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் அதுதானே! அழுக்குப் பெட்டிக்குள் எவ்வளவு நல்ல சாமானை வைத்தாலும் யார் கண்ணும் அதன்மேல் படாது. பளபளப்பானது ஒன்று இந்த வீட்டில் ஒரு ஞாயிறு தாண்டாது. இது தெரிந்தும் கண்ணாடி வைத்து, விளக்கு வைத்து, அக்கா பெயரையும் எழுதி அனுப்பினீர்கள்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். மோசேசே பெரியவர் அடக்கத்தை நான்தான் படம் எடுத்தேன். அவர் தங்கை லவீனியா அமெரிக்காவில் இருக்கிறாள். காகிதம் சரியில்லை, புறப்பட்டால் திரும்ப விடமாட்டார்கள் என்று அண்ணன் சாவுக்கு வரவில்லை. படத்துக்காகக் காத்திருக்கிறாள். "அவசரமில்ல லேசியேலி, சும்மாதான் கேட்டேன்" என்று தினமும் கேட்கிறாள். நம் பெட்டி, பாடகர் குழு எழுந்து நிற்கும்வரை ஓடுகிறது. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் இடம் வந்ததும் சூடேறி நின்றுவிடுகிறது. ஜெபம் பண்ணினேன், விசிறி வைத்தேன், பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பாட்டுக்கு அப்பால் போகமாட்டேன் என்கிறது. அவளுடைய அண்ணன் இன்னும் மண்ணுக்கு மேலேயே கிடக்கிறார்.

இதற்கு நடுவில் இன்று காலை அக்கா மகளிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அட்டைப் பெட்டிகள் அப்படியே கிடக்கின்றனவாம், உள்ளே இருப்பதைச் சேர்த்துப் பூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம், திங்கட்கிழமை வந்து பூட்டித் தர வேண்டுமாம். பாருங்கள் என் பாக்கியத்தை. நவம்பரில் ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வந்ததும், எப்போதும்போல நீங்கள் டார்ச் பிடிக்க, நான் திருகு போட, நம் பெட்டியைச் சரி செய்யலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் கம்ப்யூட்டரை நானே பூட்டி இன்னொருவர் ஹாலில் வைக்கப் போகிறேன். போகிறேன். ஆனால் நவம்பரில் நீங்கள் வாசலில் இறங்கும்போது முதலில் சாப்பாடு கிடைக்காது.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை

ஃபிலிமோனேயின் விசா தாமதமாகிவிட்டது. விமானம் ஒரு வாரம் தள்ளிப்போனது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன், போடவில்லை. நவம்பர் என்று எவ்வளவு நம்பிக்கையாக எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மரியாதைக்கு இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நல்ல சாமான்கள், பொய் சொல்லக்கூடாது. போர்டை என் மடியில் வைத்திருந்தேன். அக்கா நாற்காலியில் விசிறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க? நான் எடுத்துக்கிட்டேன்னா? தம்பி நல்ல மனசுலதான் அனுப்பினான். மூணு வருஷம் லேசி தனியா இருக்கணும் அக்கா, கைக்கு வேலை இருந்தாத்தான் பொம்பளைக்கு மனசு அலையாதுன்னு சொன்னான்."

நான் கேட்டேன், "எந்த மூணு வருஷம் அண்ணி?"

அவருடைய விசிறி நின்றுவிட்டது. "உன்கிட்ட சொல்லலையா அவன்? புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டானே. ஜூன்லயே."

ஜூன் மாதம்! நான் மெமரி கேட்ட மாதம். பழைய துணி, கோடித் துண்டு என்று என்னைச் சிரிக்க வைத்த மாதம். செருப்புப் பெட்டிச் சாமான் கேட்டவளுக்கு முழுக் கம்ப்யூட்டர் ஏன் வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. மனாசே, என் மனம் அலையும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? பாத்திரம் கழுவி, பன்றிக்குத் தீனி வைத்து, ஞாயிறு வகுப்பு எடுத்து, ஊரார் சாவைக் கண்ணீர் விடாமல் வெட்டி ஒட்டுகிறவளுக்கு அலைய எங்கே நேரம்? அக்காவிடம் ஆசீர்வாதம் கேட்கத் தோன்றியது, சரி, அது மரியாதை. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, ஒரு விளக்குப் பெட்டிதான் வந்தது. அதையும் அக்கா விலாசத்துக்கு அனுப்பினீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. கர்த்தர் அதையும் பயன்படுத்துகிறார் என்று இப்போது நினைக்கிறேன். போர்டை மடியிலிருந்து இறக்காமலே கேட்டேன். "அண்ணி, இந்தக் கண்ணாடியும் விளக்கும் உங்க ஹாலுக்கு அழகு. எடுத்துக்குங்க. உள்ள போடுற சாமான் எனக்கு வேணும். என் பழைய சாமானை இந்தக் கண்ணாடிக்குள்ள பூட்டித் தர்றேன். நீங்க மனாசேகூட முகம் பார்த்துப் பேச அது தாராளமாப் போதும். பாரமான வேலைக்குத்தான் அது நின்னுபோகும். ஏமாத்திச் செய்ய எனக்கு மனசில்ல, அதான் கேட்டுச் செய்றேன்."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் உங்கள் அக்காவிடம் ஒரு பொருள் எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. அவர் மகள் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"அதுல விளக்கு எரியுமா?"

"எரியும் அண்ணி. விளக்கு எரியறதுக்கு மூளை வேண்டாம்."

அவர் சிரித்தார் பாருங்கள், வயிறு குலுங்க. "இத்தன வருஷம் இந்த வாயை எங்கடி வச்சிருந்த?" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எடுத்துக்கோ. ஆனா என் சாவுக்கு நீதான் படம் எடுக்கணும். குண்டாத் தெரியாம எடு" என்றார். தன் வண்டியையே அனுப்பி நம் பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் புறப்படும்போது, உங்களைப் பற்றி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவன்கிட்ட நான் கேட்க முடியாது. அக்கா கேட்கிற விஷயமில்ல இது. நீ கேளு."

கேட்கிறேன்.

புது போர்டு பழைய பெட்டிக்குள் சரியாக உட்கார்ந்தது. நீங்களும் ஜெயித்தீர்கள், நானும் ஜெயித்தேன் என்று போனில் சிரிக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை மோசேசே பெரியவரை மண்ணில் இறக்கினேன், நிற்காமல் ஓடியது. லவீனியா பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மண்ணு விழுந்ததைப் பார்த்துட்டேன் லேசியேலி. இனிமே அண்ணன் எழுதலையேன்னு கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு அப்படி இல்லை. நான் இன்னும் கோவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது உங்களுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். தாடை இன்னும் வலிக்கிறது. பக்கத் தகட்டுக்குத் திருகு போட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. கீழ் மூலையில், டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு எப்போதும் நீங்கள் கோணலாக முறுக்கிக் கெடுக்கும் அந்தத் திருகு. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஃபேன் சுற்றும்போதெல்லாம் அந்த மூலை அதிர்கிறது. நீங்கள் வந்து அதைப் போடும்வரை அதிரட்டும்.

இனிப் பீப்பாய் அனுப்பினால் அதன்மேல் என் பெயரை எழுதுங்கள். உங்கள் அக்கா வந்து கேட்டால் நானே கொடுக்கிறேன்.

கொடிகளுக்கு நடுவே குனிந்து நிமிரும் உங்கள் முதுகைக் கர்த்தர் காப்பாராக. நீங்கள் போட்ட கையெழுத்தையும் அவர் பார்த்துக்கொள்வாராக.

உங்கள் மனைவி,
லேசியேலி