தட்டில் இல்லாத வசனங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையில் இங்கே சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

புது வருஷத்துக்கு ராஜ்மோகன் அண்ணன் வீட்டு ஜெபக் கூட்டத்தில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு, வேதவசனம் எழுதினது, எடுத்தோம். கர்த்தர் எனக்கு வீடு தருவார் என்று வந்தது. இங்கே டாக்குரியா பகுதியில் நான் ஆசைப்பட்ட ஃப்ளாட்டுக்கு இதுதான் பதில் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் பக்கத்திலிருந்தவருக்கு ஐசுவரியம், அடுத்தவருக்கு உயர்வு. பாடு, பொறுமை, சிலுவை என்று ஒருவருக்குமே வரவில்லை. நான் பாங்கில் கடன் மனு பார்க்கிறவள். எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

தட்டை எடுத்து வைக்கும்போது அண்ணியிடம் கேட்டேன்.

"கஷ்டமான வசனத்தையெல்லாம் நான்தான் முன்னாடியே எடுத்துருவேன். வருஷப் பிறப்பும் அதுவுமா யாரு மனசும் சங்கடப்படக் கூடாதுல்லா?" என்றார்கள்.

சண்டை போடவில்லை, கவலைப்படாதீர்கள். ஃப்ளாட்காரரை மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதை வாங்கிவிட்டால் ஊருக்கு மாற்றல் கேட்கவே மாட்டேன். ஃப்ளாட் வாங்குவது கர்த்தர் சித்தமா, என் ஆசையா என்று தெரியவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். இங்கே எல்லாம் கடுகெண்ணெய்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வருஷா வருஷம் நம் கோயிலில் எனக்காக நீங்கள் எடுத்து அனுப்பும் சீட்டும் இதுவரை நல்லதாகவே வந்திருக்கிறது. ஒரு நல்ல சீட்டுக்கு எத்தனை தடவை எடுப்பீர்கள், அம்மா?

உங்கள் மகள்,
ஹெப்சிபா