வட்டமாகப் போடாத கையெழுத்துகள்

ஜெராக்ஸ் தாளின் வாடை இன்னும் கூடத்தில் இருக்கிறது. இன்று காலை ஒரு காவலர் அதை, மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தொழிற்சாலைக் கழிவால் நம் தெருக் கிணறுகள் கெட்டுப்போனதாகக் கொடுத்த மனுவின் நகல். எழுத்து என்னுடையது, பள்ளியில் கன்னியாஸ்திரீகள் பழக்கியது. வரிசை எண், பெயர், கதவு எண், வேலை செய்யும் இடம், கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா பேஜாரு? தெரியாம கையெழுத்து போட்டோம்னு எல்லாரும் எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்குக் காலைல வர்றேன்," என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

நீங்கள் இருந்தவரை உங்கள் தொழிற்சங்கத்தில் மனு எழுதினால் கையெழுத்துகளை வட்டமாகப் போடவைப்பீர்கள். முதலில் போட்ட ஆள் யாரென்று நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாது. புருஷன் என்றும் பாராமல் நான் கேலி செய்வேன்: "ஒளிஞ்சு ஒளிஞ்சு போட இது என்ன உங்க ரஷ்யாவா?"

"அங்க எல்லாருக்கும் வேல கீது, ஊடு கீது, ஆஸ்பத்திரி கீது. உன் ஜனநாயகத்துல இன்னா கீது டீச்சரம்மா? பசிச்சா பேசிக்கினு இருக்கலாம்," என்பீர்கள்.

"பேச முடியாத நாட்டுல உங்க சங்கத்தையே விட்டிருக்க மாட்டாங்க."

சங்கத்தின் சார்பில் அந்த நாட்டுக்குப் போய்வந்தபின் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னீர்கள். மேலாளர் தப்பு செய்தால் யாரிடம் புகார் சொல்வீர்கள் என்று அங்கே தொழிலாளிகளிடம் நீங்கள் கேட்டதும், மொழிபெயர்க்க வந்த பெண் அதை மொழிபெயர்க்காமல் கதவைப் பார்த்தாளாம். கூட்டங்களில் இதை நீங்கள் சொன்னதே இல்லை. நான்தான் இதை வைத்தே உங்களைப் பல வருடங்கள் மடக்கினேன்.

இன்று மாலை பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். அதே தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. பட்டியலில் நான்காவது பெயர்.

"சூப்பர்வைசரு என் ஊட்டு நம்பரக்கூட சொல்றாரும்மா. அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவளும் கதவைப் பார்த்தாள்.

என் ஒழுங்குதான் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னேன். அவள் நகலில் தன் கதவு எண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

நம்மில் யார் சரி என்று இன்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன வேலைப் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. நான் பெருமையடித்த பேச்சுரிமையும் அவளைக் காப்பாற்றவில்லை. இருந்தாலும் மறுத்து எழுத இங்கே ஒரு தாள் உண்டு என்று நம்புகிறேன், பயந்துகொண்டே.

எழுதிவிட்டேன். "பட்டியல் தயாரித்தவள் நான். நான் கேட்டதால்தான் மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். மனுவைத் திரும்பப் பெறமாட்டேன்."

ஸ்கேல் வைக்காமல் எழுதியதில் வரிகள் சரிந்துவிட்டன. என் மாணவி இப்படி ஒரு தாளைக் கொடுத்திருந்தால் முகத்துக்கு நேரே திருப்பித் தந்திருப்பேன். மறுபடி எழுத உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். காலையில் இதையே கொடுக்கப் போகிறேன்.