நடராசாவின் வயலில் வாத்துகள்

கார்த்திகை 8, வெள்ளி. மேகமூட்டம். மழை இல்லை.

நான்கு நாளுக்குச் சவரம் செய்வதில்லை என்று தீர்மானித்தேன். ஏகமனதாக நிறைவேறியது. வாக்களித்தவர் ஒருவர். வாத்தியார் வேலையிலிருந்து இளைப்பாறியபின் எடுத்த முதல் கொள்கை முடிவு.

தாழ்வுபாட்டிலிருந்து இரண்டு பஸ், நான்கு நாள் தங்க. பெரியமடுவில், குளக்கரையில் பறவை அவதான நிலையம். ஒரு கோபுரம், ஒரு அறை, ஒரு கதிரை. பொறுப்பாளர் தாசன், எங்கள் ஊர்ப் பொடியன். குளத்தில் ஊசிவால் வாத்துகள். சைபீரியாவிலிருந்து வந்த களைப்பே இல்லை. எனக்கு பஸ்ஸிலேயே இடுப்புப் போயிற்று.

சனி. இளவெயில். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை.

பக்கத்து வயல்காரர் நடராசா சீனவெடிக் கட்டுடன் வந்தார். முதல் விதைப்பை வாத்துகள் தின்றுவிட்டன. நேற்று மறுபடி விதைத்திருக்கிறார்.

"தாசன், வெடி கொளுத்தப் போறன். வீட்டில இனி ஒரு பிடி விதைநெல் இல்லை."

"அண்ணை, திங்கள் காலமை கொழும்பிலயிருந்து பெரியாக்கள் வருகினம். வாத்து இல்லாட்டி இதைப் பூட்டிப்போடுவினம்."

"விசா இல்லாம வந்து என்ர வயலில மேயுது. நான் வெடி கொளுத்தினாத்தான் குற்றமோ?"

"உங்கட நெல் ருசியெண்டுதானே அண்ணை இவ்வளவு தூரம் பறந்து வந்தது."

"அப்ப உன்ர பெரியாக்களையும் சாப்பிடக் கூட்டிவா."

என்னை நடுவராக்கினார்கள். கதிரையில் இருந்தவன் நான் மட்டுமே. வேறு தகுதி தெரியவில்லை. தீர்ப்பு: திங்கள் மத்தியானம் வரை வெடி இல்லை. வயலுக்கு வரும் வாத்துகளைத் தாசன் கைதட்டி விரட்டுவான்.

"மாஸ்டர் சொல்லுறியள் எண்டபடியால் பொறுக்கிறன்," என்றார் நடராசா.

ஞாயிறு. தூறல். பூசை தவறியது.

தாசன் வரம்பில் ஓடி ஓடிக் கைதட்டினான். வாத்துகள் எழும்பி வயலின் மறுபக்கத்தில் இறங்கின. மரியாதையான பறவைகள், கைதட்டலைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டன போலும். நடராசா வரம்பில் குந்தியிருந்தார். கையில் வெடிக்கட்டு.

"கொளுத்தட்டே மாஸ்டர்?"

"நாளைக்கு மத்தியானம்."

சொன்ன சொல்லைக் காப்பது பற்றி இரண்டு நல்ல வசனமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு வயலைப் பார்த்தார்.

திங்கள். நல்ல வெயில்.

ஒன்பது மணிக்குப் பெரியவர்கள். கோபுரத்தில் ஏறினால் குளத்தில் ஒரே ஒரு கொக்கு. தாசனுக்கு வியர்த்தது. பிறகு ஒரு அம்மையார் வயல் பக்கம் கைகாட்டினார். முழுக் கூட்டமும் நடராசாவின் சேற்றில். படம் எடுத்தார்கள். நிலையம் தொடரலாம் என்று தலைவர் தாசனின் கையைக் குலுக்கினார். வயல் மிகப் பொருத்தமான சூழல் என்றார்.

மத்தியானம் வெடி. தீப்பெட்டி நான் கொடுத்தேன். வாத்துகள் குளத்துக்குத் திரும்பின.

வயலில் ஒரு மணி நெல் மிச்சமில்லை. நடராசா நாளை முசலிக்குப் போகிறார், கூலி வேலைக்கு.