குடுமியான்மலை ரோட்டில் ஒரு பைக்

தை, வியாழன் இரவு, இலுப்பூர்.

பழனிக்குப் பாதயாத்திரையாக, கூட்டமில்லாத ரோட்டில் நானும் அண்ணியும் மட்டும் நடக்கிறோம். வழிநெடுக வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டே வருகிறேன். இன்று குடுமியான்மலை தாண்டியதும் ஒருவன் பைக்கை நிறுத்தினான்.

"வீடியோல வாரவங்கதானே? தொணைக்கு ஆம்பளை யாரும் வரலையா?"

"பின்னாடி வாராங்க" என்றாள் அண்ணி.

அவன் சிரித்தான். "ராத்திரி சத்திரத்துலதானே தங்குறீங்க?"

காலையில் நான்தான் வீடியோவில் அதைச் சொல்லியிருந்தேன். பயத்தில் எல்லா வீடியோவையும் அழித்துவிட்டேன். சத்திரத்துக்குப் போகாமல் அண்ணிக்குத் தெரிந்த டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் போனில், வீடியோ போடும் என் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. "சத்திரத்துல ஒங்களக் காணோமே. டீச்சர் வீடு வசதியா இருக்கா?"

டீச்சரிடம் காட்டினேன். அவர் கணவர், தெருமுனை வரை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் திரும்பவில்லை.