சம்மந்தி ஊட்டு விருந்து

ஆவணி 4, செவ்வாய்

காலையில தூறல். மண்ணு கூட நனையல. ஜேடர்பாளையம் பஸ்ஸுல கடைசி சீட்டு. போன்ல மைக்க அமுக்கிப் பேசுனா அதுவே எழுதிக்குது, மருமக கோமதி காட்டிக் குடுத்தா. என்ன எழுதுதோ, நமக்குப் படிக்கத் தெரியாது.

பையில: வேட்டி ரெண்டு, துண்டு, முறுக்கு.

கோமதியோட அப்பாவப் பாக்கத்தான் போறேன். எங்க சம்மந்தி. சம்மந்தியம்மா பங்குனியில தவறிப் போனதுல இருந்து தனியா இருக்கறார். நேத்து போன்ல, "இனி நான் இருந்து யாருக்கு என்ன சாமி"ன்னாராம். கோமதி ராத்திரியெல்லாம் அழுகை. எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்னா வர மாட்டார். பொண்ணு குடுத்த ஊட்டுல கை நனைக்காத மனுசன். கல்யாணத்தன்னைக்கே மோர் மட்டுந்தான் குடிச்சார். அவர் வரலீன்னா என்ன, நான் போலாமில்ல?

அதே நாள், பொழுதோட

"வாங்க சம்மந்தி." கொரலே எழும்பல. ஆளு பாதி. காபியில சக்கரை இல்ல, குடிச்சுப்போட்டேன்.

சம்மந்திகிட்ட மழை, வெள்ளாமை, பேரன் படிப்பு, இவ்வளவுதான் பேசற வழக்கம். நான் கேட்டே போட்டேன்.

"சாகோணும்னு நெனப்பு வருதுங்களா?"

காபி டம்ளரக் கீழ வெச்சார். அப்பறம், "வருதுங்க."

புத்தி சொல்லல. கிட்டப் போயி உக்காந்தேன். அழுதார். நானுந்தான்.

தோட்டத்துப் பூச்சி மருந்தெல்லாம் இங்க வேண்டாமுங்கன்னேன். மருந்து வெச்ச ரூம்புச் சாவிய அவரே எடுத்துக் குடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொண்டுபோயி அவங்க ஊட்டுல பூட்டிக்கிட்டார்.

ஆவணி 5, புதன்

வெய்யில். செருப்பு வார் அறுந்துபோச்சு.

காலையிலயே கோழி அடிச்சாச்சு. சம்மந்தி வந்து தங்கியிருக்க, கறி இல்லாமயா? அவரே மசாலா அரைச்சார். உப்பு ரெண்டு தடவ உழுந்துபோச்சு.

"எப்படிங்க இருக்குது?"

"உப்புதான்..."

"சம்மந்தியா வந்தா குத்தம் சொல்லாமத் தின்னோணுமுங்க."

என்னத் தனியா உக்கார வெக்கறது மரியாதை இல்லைன்னு அவரும் எலை போட்டுக்கிட்டார். ரெண்டு கை சோறு உள்ள போச்சு. அது போதும் இன்னைக்கு.

ஆவணி 6, வியாழன்

சேலம். ஃபேர்லேண்ட்ஸ்ல மனசுக்குப் பாக்கற டாக்டரம்மா. கோமதியும் வந்தா. சம்மந்தி வாசல்லயே நின்னுக்கிட்டார்.

"யாராச்சும் பாத்தா பைத்தியம்பாங்க."

"பைத்தியம் நானு, நீங்க தொணைக்கு வந்தீங்கன்னு சொல்லிக்கறேன். வாங்க."

உதட்டோரம் ஒரு சிரிப்பு. உள்ள வந்துட்டார்.

இது நோவுதான், வைத்தியம் இருக்குது, கொணமாகும்னாங்க. நான் அப்படி நேராக் கேட்டது தப்புங்களான்னேன். கேட்டா அந்த நெனப்பு வந்துராது, பாரந்தான் கொறையும்னாங்க. ரெண்டு நாளா மனசுல கெடந்த பயம் எறங்குச்சு. எந்நேரமும் கூப்படற நம்பரு ஒன்னு குடுத்தாங்க. கோமதிய ஒருக்கா படிக்கச் சொல்லி மனசுல ஏத்திக்கிட்டேன்.

ஆவணி 8, சனி

வானம் மூடாக்கு. சம்மந்தி எந்திரிக்கல. செவுத்தப் பாத்துப் படுத்திருந்தார். "இன்னைக்கு அந்த நெனப்பு வருதுங்க சம்மந்தி." கேக்காமயே சொன்னார். அப்படிச் சொன்னதே பெருசு. டாக்டரம்மா குடுத்த நம்பருக்குப் போன் போட்டுக் குடுத்தேன், அவரே பேசுனார். பக்கத்துலயே இருந்தேன். பொழுதோட கஞ்சி குடிச்சார். கோழிக்கு இன்னைக்கு லீவு.

ஆவணி 12, புதன்

நல்ல மழை. மறுக்காக் கோழி. வயிறு கடமுடங்குது.

"ரசம் போதுமுங்க."

"ஊரு சிரிக்குமுங்க. சம்மந்திக்கு ரசம் ஊத்தி அனுப்புனான்னு."

"அனுப்பறதா? நான் எங்க போறேன்?"

அதுக்குச் சத்தமாவே சிரிச்சுட்டார். பொறகு எலைய மடிச்சுக்கிட்டே, என்னப் பாக்காம, "அடுத்த வாரம் டாக்டரப் பாத்துட்டு நானும் உங்க ஊட்டுக்கு வாரேன். பத்து நாளைக்கு. நீங்க கோழி அடிப்பீங்களா?"

"அடிக்கறோமுங்க."

"உப்பு பாத்துப் போடச் சொல்லுங்க."

இப்பத் தூங்கறார். கொறட்டை. கோமதிக்குச் சொல்லோணும். வெளிய போயித்தான் பேசோணும், இங்க சத்தம் போட்டா எந்திரிச்சுருவார்.