பாலத்துக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3
நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து மாநகரத்தோடு சேர்ப்பது பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாமாம். செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு! அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? சனமெல்லாம் பாலம் தாண்டி வேலைக்குப் போயிருக்கும். மிச்சம் நானும் நாய்களும்தான்.

மார்ச் 4
கோபம் அடங்கவில்லை. தோல் பதனிடுகிறவன், பசை காய்ச்சுகிறவன், சோப்புக்காரன் எல்லோரையும் நாற்றம் தாங்கவில்லை என்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் துரத்தியது அந்த மாநகரம்தானே? துரத்தப்பட்டவர்கள் கட்டிய ஊர் இது. சாக்கடையை நாங்களே வெட்டினோம், பள்ளிக்கூடத்தை நாங்களே எழுப்பினோம். தோல்கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே நானாகப் படித்தவள் நான். அவர்கள் சரித்திரப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரே வரி: ‘துர்நாற்றத் தொழில்கள் அப்புறப்படுத்தப்பட்டன.’ இப்போது நிலம் விலையேறியதும் உறவு கொண்டாட வருகிறார்கள்.

மார்ச் 6
தம்பி வந்தான். நகர்மன்றத்தில் இரு தரப்பும் சரிசமம்; உறுப்பினரான இவன் கை தூக்குகிற பக்கம்தான் ஜெயிக்கும். முகத்தில் ஈயாடவில்லை.
“என்னடா, மதில்மேல் பூனையா?”
“பூனைக்காவது ரெண்டு பக்கமும் குதிக்க இடம் இருக்கும். எனக்கு ஒரு பக்கத்துல நீ நிக்கிறியேக்கா.”
நான் சிரிக்கவில்லை. கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்று, ஊர் சொல்கிறபடி கை தூக்கு என்றேன்.
“என்ன சொன்னாலும் சரியா?”
“என்ன சொன்னாலும்.”

மார்ச் 9
மாற்றிவிட்டான். மாநகரப் பேருந்து நடுப்பாலத்தில் நின்றுவிடும், அவர்கள் எல்லை அங்கே முடிகிறது. இறங்கி நடந்தவர்களிடம் விடாமல் சொன்னேன்: வாருங்கள், வந்து பேசுங்கள்.

மார்ச் 12
மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் நான் பேசினேன். என்ன கைதட்டல்! அடுத்து எதிர்வீட்டு நர்ஸ் எழுந்தாள்.
“பெரியம்மா சொன்னது அத்தனையும் நிஜம். ஆனா மழையில பாதிப் பாலம் நடந்து வர்றது நாங்கதானே? ஊர் மானம் வந்து குடை பிடிக்குமா?”
அதற்கும் கைதட்டினார்கள். அதிகமாகவே. சேரலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது மண்டபமே தூக்கியது. என் கை மட்டும் மடியில்.

மார்ச் 13
துரோகிகள். சாப்பாடு இறங்கவில்லை. நான் கூப்பிடாவிட்டால் வந்திருப்பார்களா? எதற்குக் கூப்பிட்டுத் தொலைத்தேன்?

மார்ச் 15
நாளை நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு. தம்பி வந்து வாசலிலேயே நின்றான்.
“ஒரு வார்த்தை சொல்லுக்கா. எதிர்த்துத் தூக்கிடறேன். வர்ற ஏச்சை நான் வாங்கிக்கறேன்.”
ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஊர் பிழைக்கும் — ஊரா, என் வீம்பா?
“ஊரைக் கேளுன்னு சொன்னது நான். கேட்டுட்டுக் காதைப் பொத்திக்கச் சொல்லுவேனா? போடா.”
கதவைச் சாத்தினேன். அழவில்லை. சரி, அழுதேன். அதற்கு என்ன இப்போது?

மார்ச் 16
சேர்த்தாயிற்று.

ஜூன் 2
எங்கள் தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை. மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் என் செருப்பிலிருந்து தலை வரை ஒருமுறை பார்த்தார்.
“எந்த ஊரும்மா நீங்க?”
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
“இந்த ஊருதான். விளக்குப் போட யாரு வர்றீங்க?”